தூக்குக் கோப்பு – 9: கோட்டை போட வேண்டிய கையெழுத்து

பூந்தமல்லி கிளைச் சிறை வளாகத்தில் 1998 ஜனவரி 28-ல் வாசிக்கப்பட்ட தீர்ப்பையும், அது டெல்லிக்குப் போய்த் திரும்பிய கதையையும் சென்ற வாரங்களில் பார்த்தோம். தடா நீதிமன்ற நீதிபதி நவநீதம் 26 பேருக்கும் தூக்கு விதித்தார். ஒருவர்கூட மிச்சமில்லை. 1999 மே 11-ல் உச்ச நீதிமன்றம் அந்த 26-ஐ நான்காகக் குறைத்தது: நளினி, முருகன், சாந்தன், பேரறிவாளன். மூவருக்கு ஆயுள். 19 பேர் விடுதலை. அக்டோபர் 8-ல் மறுஆய்வு மனுவும் தள்ளுபடியானது.

இந்த வாரம்தான் தொடரைக் கையில் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1991 மே 21 இரவு மீனம்பாக்கத்தில் வந்திறங்கிய ராஜீவ் காந்தி, போரூரிலும் பூந்தமல்லியிலும் பிரசாரம் செய்துவிட்டுத்தான் ஸ்ரீபெரும்புதூருக்குப் போனார். அவர் கையசைத்துக் கடந்துபோன அந்த ஊரிலேயே அவருடைய கொலை வழக்கு நடந்தது. மூடிய அறையில், பத்திரிகையாளர் கண் படாமல்.

இனி நீதிமன்றத்தில் தட்ட ஒரு கதவும் இல்லை என்று ஆன பிறகு, நான்கு பேரும் வேறொரு கதவைத் தட்டினார்கள்.

*

1999 அக்டோபர் 17. வேலூர்ச் சிறைகளிலிருந்து நான்கு கருணை மனுக்கள் கிண்டி ராஜ்பவனுக்கு வந்தன.

மரண தண்டனை பெற்றவருக்கு அரசியல் சட்டம் இரண்டு இடங்களில் வழி வைத்திருக்கிறது. 72-வது பிரிவு குடியரசுத் தலைவருக்கு. 161-வது பிரிவு ஆளுநருக்கு. தூக்கை முற்றாக மன்னித்து விடுவிக்கும் அதிகாரம் குடியரசுத் தலைவருக்கு மட்டும்தான் என்பது பொதுவான கருத்து. தூக்கை ஆயுளாகக் குறைக்க ஆளுநராலும் முடியும். அதனால்தான் எந்தத் தூக்குக் கைதியின் மனுவும் முதலில் மாநிலத்துக்குப் போய், அங்கே கை விரித்த பிறகு டெல்லிக்குப் போகிறது.

ராஜ்பவனில் அப்போது இருந்தவர் பாத்திமா பீவி. தேர்தலில் தோற்றுப்போன கட்சிக்காரருக்கு ஆறுதல் பரிசாகக் கிடைக்கும் ஆளுநர் பதவி அவருடையது அல்ல. 1989-ல் உச்ச நீதிமன்றத்தில் அமர்ந்த இந்தியாவின் முதல் பெண் நீதிபதி அவர். சட்டப் புத்தகத்தை யாரும் அவருக்கு விளக்க வேண்டியதில்லை.

பத்து நாள் கழிந்தது. அக்டோபர் 27-ல் நான்கு மனுக்களையும் ஆளுநர் நிராகரித்தார்.

நான்கு உயிர்கள் பற்றிய முடிவுக்குப் பத்து நாள் என்பது வேகம்தான். ஆனால் சிக்கல் வேகத்தில் இல்லை. கோப்பில் ஒரு தாள் இல்லை. தமிழக அமைச்சரவை என்ன நினைக்கிறது என்று சொல்லும் தாள்.

*

ஆளுநர் அமைச்சரவையின் ஆலோசனையைக் கேட்கவில்லை. சரி, அமைச்சரவையாவது வாய் திறந்ததா? கோட்டையிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

இந்த மௌனத்தைப் புரிந்துகொள்ள, அன்றைய முதல்வர் மு.கருணாநிதி எந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தார் என்று பார்க்க வேண்டும்.

1991 ஜனவரி 30-ல் அவருடைய ஆட்சி கலைக்கப்பட்டது. விடுதலைப் புலிகளுக்கு இடம் கொடுத்தார் என்பது அப்போதைய குற்றச்சாட்டு. நான்கு மாதத்தில் ஸ்ரீபெரும்புதூர். கொலை நடந்த இரவே தி.மு.க.காரர்களின் வீடுகளும் கொடிக்கம்பங்களும் தாக்குதலுக்கு உள்ளாயின. அடுத்து வந்த சட்டமன்றத் தேர்தலில் கட்சிக்குக் கிடைத்தவை இரண்டே இடங்கள். அதிலிருந்து எழுந்து 1996-ல் ஆட்சிக்கு வந்தார். மறு ஆண்டே, ராஜீவ் கொலைச் சதியை விசாரித்த ஜெயின் கமிஷனின் இடைக்கால அறிக்கை தி.மு.க.வை நோக்கி விரல் நீட்டியது. மத்திய அமைச்சரவையிலிருந்து தி.மு.க.வை விலக்கச் சொன்னது காங்கிரஸ்; பிரதமர் குஜ்ரால் மறுத்தார்; 1997 நவம்பரில் மத்திய அரசே கவிழ்ந்தது.

அப்படிப்பட்ட ஒரு முதல்வர், அந்தக் கொலையில் தண்டனை பெற்ற நான்கு பேருக்குக் கருணை காட்டலாம் என்று கையெழுத்திட்டால் என்ன ஆகும்? வேண்டாம், தூக்கிலிடுங்கள் என்று எழுதினால்? தமிழுணர்வாளர்களும், டெல்லியில் அப்போது அவரோடு ஒரே கூட்டணியில் இருந்த ம.தி.மு.க.வும் பா.ம.க.வும் என்ன சொல்லும்? எந்தப் பக்கம் எழுதினாலும் கை சுடும். 1999 அக்டோபர் 13-ல்தான் வாஜ்பாய் பதவியேற்றிருந்தார், தி.மு.க. அந்த ஆட்சியில் பங்கு. மனுக்கள் வந்ததோ நான்கு நாள் கழித்து.

ஆளுநரே முடிவெடுத்துவிட்டது கோட்டைக்கு வசதியாகத்தான் இருந்திருக்கும் என்பது என் கணிப்பு. கருணையை மறுத்தவர் ஆளுநர். அரசுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அப்படியே விட்டிருந்தால் இந்தத் தொடர் இந்த வாரத்தோடு முடிந்திருக்கும். நால்வரின் உயிரும்தான்.

*

நால்வரின் வழக்கறிஞர்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள்.

இதில் ஒரு விசித்திரத்தைக் கவனிக்க வேண்டும். சாதாரணக் கொலை வழக்கில் செஷன்ஸ் நீதிமன்றம் தூக்கு விதித்தால், உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தால்தான் தண்டனை செல்லும். பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான தடாவில் அப்படி இல்லை. பூந்தமல்லித் தீர்ப்பின் மேல் முறையீடு நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. எஸ்.பி. நிலை போலீஸ் அதிகாரி பதிவு செய்த வாக்குமூலம் சாட்சியமாகச் செல்லும் என்பதும் அந்தச் சட்டத்தின் தனிச் சலுகை. சட்டம் 1995-லேயே காலாவதியாகிவிட்டது; வழக்கு மட்டும் அதன் விதிகளிலேயே ஓடியது. கடைசியில் இது தடாவின் கீழ் வரும் பயங்கரவாதக் குற்றமே அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1999-ல் சொன்னது. ஆனால் அந்தச் சட்டத்தின்படி வாங்கிய வாக்குமூலங்களை மட்டும் ஏற்றுக்கொண்டது. மிஞ்சி நின்றது இந்திய தண்டனைச் சட்டத்தின் கொலையும் கூட்டுச் சதியும். (இந்த வரியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இருபது ஆண்டு கழித்து, கருணை காட்டும் அதிகாரம் மாநில அரசுக்கா மத்திய அரசுக்கா என்ற சண்டை வரும்போது எல்லாம் இதில்தான் வந்து நிற்கும்.)

ஆக, தண்டனை சரியா தவறா என்று எடைபோடும் வாய்ப்பு சென்னை உயர் நீதிமன்றத்துக்குக் கிடைக்கவே இல்லை. இந்த நால்வரின் உயிர் பற்றிய கேள்வி அதன் முன் வந்தது கருணை மனு என்ற பக்கவாசல் வழியாகத்தான்.

கருணை மறுத்ததை எதிர்த்து நீதிமன்றம் போகலாமா? இந்திரா காந்தி கொலை வழக்கில் இந்தக் கேள்வி ஏற்கெனவே எழுந்திருந்தது. கேஹர் சிங்கின் மனுவை அன்றைய குடியரசுத் தலைவர் ஆர்.வெங்கட்ராமன் நிராகரித்தார். 1988 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இரண்டு விஷயங்களைச் சொன்னது. நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்ப்பளித்த பிறகும், குடியரசுத் தலைவர் சாட்சியங்களைத் தாமே புரட்டிப் பார்த்து வேறு முடிவுக்கு வரலாம். ஆனால் அவர் எடுத்த முடிவு சரியா என்று நீதிமன்றம் கிளறாது. அதிகாரம் அதன் எல்லைக்குள் நின்றதா என்று மட்டும் பார்க்கும். கேஹர் சிங் 1989 ஜனவரி 6-ல் தூக்கிலிடப்பட்டார்.

எனவே உயர் நீதிமன்றத்தின் முன் கருணை காட்டியிருக்க வேண்டுமா என்ற கேள்வி இல்லை. அந்த முடிவை எடுக்க வேண்டியவர் யார் என்ற கேள்விதான் இருந்தது.

*

1999 நவம்பர் 25.

ஆளுநரின் உத்தரவை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. கருணை மனு விஷயத்திலும் ஆளுநர் தன்னிச்சையாக முடிவெடுக்க முடியாது. அமைச்சரவையின் ஆலோசனையைப் பெற்று அதன்படிதான் நடக்க வேண்டும். மனுக்களைப் புதிதாகப் பரிசீலியுங்கள்.

சட்டப்படி இதில் புதுமை எதுவும் இல்லை. 1980-லேயே, மாரு ராம் வழக்கில் வி.ஆர்.கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. 72-ம் சரி, 161-ம் சரி, பெயர்தான் குடியரசுத் தலைவருடையதும் ஆளுநருடையதும், முடிவு அமைச்சரவையுடையது. அந்தத் தீர்ப்பு வெளியாகி 19 ஆண்டு ஆகியிருந்தது. அதைத் தெரியாதவர் என்று உச்ச நீதிமன்ற நாற்காலியில் அமர்ந்த ஒருவரை யாரும் சொல்லிவிட முடியாது.

பிறகு ஏன்? பாத்திமா பீவி அதற்கு விளக்கம் எழுதி வைத்ததாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் இது அவருடைய பதவிக் காலத்தின் கடைசிச் சர்ச்சை அல்ல. 2001 மே மாதம், தேர்தலில் போட்டியிடவே தகுதியில்லை என்று வேட்புமனுக்கள் தள்ளுபடியான ஜெயலலிதாவுக்கு முதல்வர் பதவிப் பிரமாணம் செய்துவைத்தார். அந்த நியமனத்தை உச்ச நீதிமன்றம் செப்டம்பரில் ரத்து செய்தது. அதற்குள், கருணாநிதி நள்ளிரவில் கைது செய்யப்பட்ட விவகாரத்தில் மத்திய அரசு ஆளுநரைத் திரும்பப் பெற முடிவெடுக்க, அவரே ராஜினாமா செய்துவிட்டார்.

நவம்பர் 25 உத்தரவின் உண்மையான அடி ராஜ்பவனில் விழவில்லை. கோட்டையில் விழுந்தது.

ஆளுநரைச் சட்டமன்றத்தில் எழுப்பிக் கேள்வி கேட்க முடியாது. 361-வது பிரிவு அவரை நீதிமன்றத்தில் நேரடியாகப் பதில் சொல்வதிலிருந்து காக்கிறது. அடுத்த தேர்தலில் தோற்கடிக்கவும் முடியாது. அமைச்சர்களை இந்த மூன்று இடத்திலும் பிடிக்கலாம். கருணை ஒரு மனிதரின் மனசாட்சி விஷயம் என்று விட்டுவிட்டால் அதற்குப் பொறுப்பேற்க ஆளே இருக்காது. அமைச்சரவையின் ஆலோசனை என்ற நிபந்தனை ஆளுநரின் கையைக் கட்டுகிறது என்றுதான் பலரும் பேசுவார்கள். அது முதல்வரின் கையையும் பிடித்து இழுத்து வந்து கோப்பின் மேல் வைக்கிறது என்பதைப் பேசுவது குறைவு.

இப்படி இல்லாத நாடுகளும் உண்டு. அமெரிக்காவில் 1974 செப்டம்பர் 8-ல், வாட்டர்கேட் ஊழலில் பதவி இழந்த நிக்சனுக்கு ஜெரால்ட் ஃபோர்டு முழு மன்னிப்பு வழங்கினார். யார் ஆலோசனையும் அவருக்குத் தேவைப்படவில்லை. எந்த நீதிமன்றமும் அதை ரத்து செய்யவில்லை. 1976 தேர்தலில் அவர் தோற்றதற்கு அதுவும் ஒரு காரணம் என்பார்கள். இலங்கையில் 2021-ல் கோத்தபய ராஜபக்ச, கொலை வழக்கில் மரண தண்டனை பெற்ற அரசியல்வாதி துமிந்த சில்வாவுக்குப் பொதுமன்னிப்பு கொடுத்தார். அதை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2024 ஜனவரியில் செல்லாது என்றது. அதற்குள் கோத்தபய பதவியிலேயே இல்லை. ஆந்திராவிலும் 2006-ல் ஒரு காங்கிரஸ்காரருக்கு ஆளுநர் கொடுத்த தண்டனைக் குறைப்பை நம் உச்ச நீதிமன்றம் தூக்கி எறிந்தது. அங்கே அமைச்சரவையின் ஆலோசனை இருந்தது, அந்த ஆலோசனைக்குப் பின்னால் கட்சி இருந்தது.

*

உத்தரவு வந்து ஐந்து மாதம் ஓடியது.

அந்த மாதங்களில் எதிர்பாராத இடத்திலிருந்து ஒரு குரல் வந்தது. நளினியைத் தூக்கிலிட வேண்டாம் என்ற தன் எண்ணத்தை சோனியா காந்தி தெரிவித்தார். நளினிக்குச் சிறைவாசத்தின்போது ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது, தகப்பன் முருகன். தாயும் தகப்பனும் ஒரே வழக்கில் தூக்குமேடை ஏறினால் அந்தக் குழந்தை அநாதை.

இதே காரணத்தை மே 1999 தீர்ப்பிலேயே ஒரு நீதிபதி எழுதியிருந்தார். மூவர் அமர்வில் நீதிபதி கே.டி.தாமஸ் மட்டும் நளினிக்குத் தூக்கு வேண்டாம் என்று தனித்து நின்றார். மற்ற இருவர் ஒத்துக்கொள்ளாததால் அவர் சொன்னது சிறுபான்மைத் தீர்ப்பாகிப் போனது. மறுஆய்விலும் அதே இரண்டுக்கு ஒன்று.

2000 ஏப்ரல் 19. கருணாநிதி தலைமையில் அமைச்சரவை கூடியது. நான்கு கோப்புகளும் மேசைக்கு வந்தன.

நளினியின் தூக்கை ஆயுளாகக் குறைக்கலாம் என்று முடிவானது. காரணம் அந்தக் குழந்தை. முருகன், சாந்தன், பேரறிவாளன் மூவரின் மனுக்களையும் நிராகரிக்கலாம் என்றும் முடிவானது.

அந்த மாதக் கடைசி வாரத்தில் ஆளுநர் அப்படியே உத்தரவிட்டார். ஆறு மாதத்துக்கு முன் நான்கையும் நிராகரித்த அதே பாத்திமா பீவி, இப்போது ஒன்றை ஏற்று மூன்றை நிராகரித்தார். இம்முறை கோப்பில் எல்லாத் தாளும் இருந்தன.

நீதிமன்றத்தில் இரண்டுக்கு ஒன்று என்று தோற்ற ஒரு நீதிபதியின் கருத்து, அமைச்சரவையில் ஜெயித்தது. கருணை அதிகாரம் எதற்காக இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நளினியின் கோப்பைத்தான் காட்டுவேன். சட்டத்தின் கணக்கில் அடங்காத ஒன்றை, குழந்தை என்ற ஒன்றை, அது கணக்கில் எடுத்தது.

ஆனால் மற்ற மூவர்?

குழந்தைக்குத் தாயைக் கொடுத்த அமைச்சரவை, தகப்பன் விஷயத்தில் அந்தக் காரணத்தை நீட்டவில்லை. பேரறிவாளன் கைதானபோது வயது 19. அவர் மேல் இருந்த முக்கியக் குற்றச்சாட்டு, இரண்டு 9 வோல்ட் பேட்டரி வாங்கிக் கொடுத்தார் என்பது. எதற்கென்று தெரிந்தே வாங்கினாரா என்பதுதான் விஷயமே. அந்த வாக்குமூலத்தைப் பதிவு செய்த சி.பி.ஐ. அதிகாரி தியாகராஜன், பேட்டரி எதற்கென்று தனக்குத் தெரியாது எனப் பேரறிவாளன் சொன்னதைத் தான் எழுதாமல் விட்டதாக 2013-ல் வெளிப்படையாகச் சொல்வார். 2000 ஏப்ரலில் அமைச்சரவைக்கு அது தெரிய வழியில்லை. ஆனால் 19 வயது தெரியும். பேட்டரி தெரியும். கேஹர் சிங் தீர்ப்பின்படி, சாட்சியங்களைப் புதிதாகப் புரட்டிப் பார்க்கும் உரிமை இருந்ததும் தெரியும்.

மூன்று பேரையும் ஒரே கட்டாகக் கட்டி ஒதுக்கியதில் அரசியல் கணக்கு இருந்தது என்றே நான் நினைக்கிறேன். சோனியா சொல்லிவிட்ட ஒருவருக்குக் கருணை காட்டினால் காங்கிரஸ் வாய் திறக்க முடியாது. மற்ற மூவருக்குக் காட்டினால் ஜெயின் கமிஷன் மறுபடி எழுந்து வரும். கருணாநிதியின் இடத்தில் வேறு யார் இருந்திருந்தாலும் வேறு மாதிரி நடந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான். ஆனால் அந்த நாற்காலியில் இருந்தவர் அவர்தான்.

கையெழுத்துக்கு விலை உண்டு. 11 ஆண்டு கழித்து, 2011 ஆகஸ்ட் 29-ல், மூவரையும் தூக்கிலிடத் தேதி குறித்தாகிவிட்ட நிலையில், முதல்வர் ஜெயலலிதா சட்டமன்றத்தில் எழுந்து 19.4.2000 அமைச்சரவை முடிவைச் சுட்டிக்காட்டி, மனுக்களை நிராகரிக்கச் சொன்னது யார் என்று கேட்டார். குடியரசுத் தலைவர் நிராகரித்த பிறகு தனக்கு அதிகாரம் இல்லை என்றும் அன்று சொன்னார். மறுநாளே தண்டனையைக் குறைக்கக் கோரும் தீர்மானத்தை அவரே கொண்டுவந்தார். அந்த 24 மணி நேரத்தில் என்ன நடந்தது, காஞ்சிபுரத்தில் செங்கொடி என்ற பெண் ஏன் தீக்குளித்தார் என்பதெல்லாம் பின்னால் வரும்.

*

2000 ஏப்ரல் 26. மூவரும் குடியரசுத் தலைவருக்குக் கருணை மனு எழுதினார்கள். மாநிலத்தில் ஒரு கதவு மூடியதும் அடுத்ததைத் தட்டுவதுதானே வழக்கம்.

டெல்லியில் அப்போது குடியரசுத் தலைவர் கே.ஆர்.நாராயணன், உள்துறை அமைச்சர் எல்.கே.அத்வானி. மாநிலத்தில் ஆளுநரும் அமைச்சரவையும் எப்படியோ, டெல்லியில் குடியரசுத் தலைவரும் உள்துறையும் அப்படி. மனு உள்துறைக்குப் போகும். உள்துறை ஆலோசனை எழுதி ராஷ்டிரபதி பவனுக்கு அனுப்பும். குடியரசுத் தலைவர் அதன்படி உத்தரவிடுவார். கையெழுத்து ஒருவருடையது, பொறுப்பு மற்றவருடையது.

கிண்டியில் பத்து நாளில் முடிந்த வேலை. கோட்டையில் ஐந்து மாதத்தில் முடிந்த வேலை.

உள்துறை அமைச்சகம் அந்தக் கோப்பைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பிய நாள் 2005 ஜூன் 21. ஐந்து ஆண்டு கடந்திருந்தது. நாராயணன் ஓய்வு பெற்றுவிட்டார். வாஜ்பாய் ஆட்சி போய் மன்மோகன் சிங் ஆட்சி வந்துவிட்டது. கோப்பு போய்ச் சேர்ந்தது ராமேசுவரத்துக்காரர் அப்துல் கலாமின் மேசைக்கு. அங்கும் அது நகரவில்லை. கடைசி உத்தரவு வந்தது 2011 ஆகஸ்டில், பிரதிபா பாட்டீல் காலத்தில்.

அமைச்சரவையின் ஆலோசனை இல்லாமல் முடிவெடுக்கக் கூடாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆலோசனையே சொல்லாமல் ஐந்து ஆண்டு உட்கார்ந்திருந்தால்? ஆலோசனை வந்த பிறகும் கையெழுத்திடாமல் ஆறு ஆண்டு வைத்திருந்தால்? அந்தத் தாமதத்துக்கு யாரைப் பிடித்துக் கேட்பது: அத்வானியையா, அவருக்குப் பின் உள்துறை அமைச்சரான சிவராஜ் பாட்டீலையா, கலாமையா?

அடுத்த வாரம், உள்துறை அமைச்சகம் அப்போது இருந்த டெல்லி நார்த் பிளாக்.